யார் சொல் நிற்கும்? கத்தோலிக்கக் கல்லூரிகளின் ஆட்சியில் குழுக்களின் பங்கு

ஜூலை மாதம். தென்காசியில் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் தமிழ்த்துறைப் பாடத்திட்டக் குழுவில் என்னை வெளி உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். பத்தரை மணிக்குக் கூட்டம். மேஜையில் ஆளுக்கொரு வரைவு, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தது. இலக்கணத் தாளில் யாப்பை முழு அலகாக வைப்பதா, அணியோடு சேர்த்து அரை அலகாகச் சுருக்குவதா என்று பேச்சு தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாத ஆசிரியை ஒருவர் துறைத்தலைவரை எதிர்த்தே பேசினார். எண்ணி எண்ணிச் சீர் பிரிக்கப் பழகாத பிள்ளை எந்தப் பழைய பாட்டையும் வாய்விட்டுப் படிக்காது என்றார். இரண்டரை மணி நேரம் கழித்துத் துறைத்தலைவர் அவர் பக்கம் வந்தார். யாப்பு முழு அலகாகவே நின்றது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

மதியச் சாப்பாட்டின்போது இன்னொரு செய்தி காதில் விழுந்தது. அந்தத் துறையில் அடுத்த ஆண்டு சுயநிதிப் பிரிவு ஒன்று தொடங்குகிறார்கள். அது துறை ஆசிரியர்களுக்கே அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. யாப்புக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தது. புது வகுப்பு, புதுக் கட்டணம், குறைந்த சம்பளத்துக்கு வரப்போகும் புது ஆசிரியர்கள், இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நோட்டீஸ்தான். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எத்தனையோ கல்லூரிகளில் இதே நிலைதான். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்வரை மனதைவிட்டுப் போகாத கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பேச நினைக்கிறேன். கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் குழுக்களுக்குக் குறைவே இல்லை. அவற்றில் எந்தக் குழுவின் சொல் நிற்கிறது?

பெங்களூரு கிறைஸ்ட் 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கொல்கத்தாவில் தூய சவேரியார் பெயரிலும் பெங்களூருவில் தூய ஜோசப் பெயரிலும் இன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தென்காசி, குற்றாலப் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ கத்தோலிக்கக் கல்வி என்றால் பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில், திருச்சி, சென்னை என்று இருக்கும் தன்னாட்சிக் கல்லூரிகள்தான். 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகும் பாளையங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸும் ரயிலும் காலையில் மாணவர்களால்தான் நிறைகின்றன. ஆகவே இயேசு சபையினர் 1923இல் தொடங்கிய பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியிலிருந்தே கேள்வியைப் பிடிக்கலாம்.

அந்தக் கல்லூரி முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் போனது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதன் கீழ் வந்தது. இணைப்புக் கல்லூரி என்றால் என்ன படிப்பது, எப்படித் தேர்வு வைப்பது என்பதெல்லாம் வெளியூரிலிருந்து வரும். கல்லூரி பாடம் நடத்தும், அவ்வளவுதான். இந்தக் கட்டை அவிழ்க்கச் சொன்னது 1964 முதல் 1966 வரை உட்கார்ந்த கோத்தாரி ஆணையம். நல்ல கல்லூரிகளுக்குப் பாடத்திட்டத்திலும் தேர்விலும் தன்னாட்சி கொடுங்கள் என்றது. தமிழ்நாட்டில் 1978இல் முதல் கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. சென்னை இலயோலாவும் திருச்சி தூய வளனாரும் அவற்றில் உண்டு. பாளையங்கோட்டைத் தூய சவேரியாருக்கு 1987இல் கிடைத்தது.

தன்னாட்சி வந்ததும் குழுக்களும் கூடவே வந்தன. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, நான்கு குழுக்களைக் கட்டாயமாக்கியது: ஆட்சிக்குழு, கல்விக் குழு, துறைதோறும் பாடத்திட்டக் குழு, நிதிக்குழு. இவற்றில் உயிரோட்டமானது பாடத்திட்டக் குழு என்று தயங்காமல் சொல்வேன். துறை ஆசிரியர்கள் எல்லோரும் அதில் உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், வேறு கல்லூரிகளிலிருந்து பாட வல்லுநர்கள், தொழில்துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் என்று வெளியாட்களும் வருகிறார்கள். பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் முதுகலைப் படிப்பாக வளர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பேராசிரியர் தே. லூர்து, இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் ஜெயபதி போன்றவர்கள் சேர்ந்து உழைத்ததில், வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் சுடலைமாடன் கொடையும் வகுப்பறைக்குள் பாடமாக உட்கார்ந்தன. ஆண்டுக்கொருமுறை கொடைக்குப் பந்தல் போடும் ஊரிலிருந்து வந்த பிள்ளை அதே கொடையைத் தேர்வுத்தாளில் எழுதியது. வேறொரு ஊரில் பாடம் முடிவான காலத்தில் இது நடந்திருக்குமா? இங்கே ஆசிரியர்களின் சொல் நின்றிருக்கிறது.

ஆட்சிக்குழுவுக்கு வாருங்கள். யூஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி தனியார் தன்னாட்சிக் கல்லூரியின் ஆட்சிக்குழுவில் நிர்வாகத்தின் சார்பில் 5 பேர் என்றிருந்தது. தலைமையும் நிர்வாகத்துக்கே. ஆசிரியர்கள் 2 பேர், அவர்களையும் பணிமூப்பு பார்த்து முதல்வர் நியமித்தார். பிறகு நிர்வாகம் தேர்ந்தெடுக்கும் கல்வியாளரோ தொழிலதிபரோ ஒருவர். யூஜிசி, மாநில அரசு, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சார்பில் ஆளுக்கொருவர். முதல்வர் உறுப்பினர் செயலர். 2023இல் புதிய விதிமுறை வந்த பிறகும் நான்கு குழு என்ற சட்டகம் மாறவில்லை. ஆசிரியரை ஆசிரியர்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் வழி அந்த 2018 விதிமுறையில் இல்லை. மாணவர் இல்லை. அலுவலகப் பணியாளரும் இல்லை.

சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அரைநூற்றாண்டுக்கு முன் வேறொன்றை முயன்று பார்த்தார்கள். அந்த முயற்சியைத் தடுத்து நிறுத்தியவர்கள் கத்தோலிக்கத் துறவிகளும் கன்னியர்களும்தான். கேரளப் பல்கலைக்கழகச் சட்டம் 1969இல் வந்தபோது, ஒரு கல்லூரி நடத்தும் தனியார் நிர்வாகத்துக்கு 11 பேர் கொண்ட ஆட்சிக்குழு, பல கல்லூரி நடத்தினால் 21 பேர் கொண்ட நிர்வாகப் பேரவை என்று வகுத்தது. கன்னியர் சபையின் மாநிலத் தலைவி உட்படப் பலர் நீதிமன்றம் போனார்கள். நிறுவியவர்கள் கையிலிருந்து நிர்வாகத்தை வேறோர் அமைப்பிடம் மாற்றுவது, அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்த உரிமையைப் பறிப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் சொன்னது.

அதைவிடப் பெரிய வழக்கு அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரியினுடையது. அதுவும் இயேசு சபைக் கல்லூரிதான். குஜராத் பல்கலைக்கழகச் சட்டத்தில் 33ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லூரியின் ஆட்சிக்குழுவிலும் முதல்வர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் மூவர், ஆசிரியரல்லாத பணியாளரிலிருந்தும் மாணவரிலிருந்தும் குறைந்தது ஒவ்வொருவர் இருக்க வேண்டும் என்றது அது. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1974 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவு சிறுபான்மைக் கல்லூரிகளுக்குப் பொருந்தாது என்பது பெரும்பான்மை முடிவு.

இந்தத் தீர்ப்பை நான் இரண்டு மனதோடுதான் படிக்கிறேன். அரசு, குழு என்ற பெயரில் ஆளை உள்ளே அனுப்பிக் கல்லூரியைக் கைப்பற்றக்கூடும் என்ற அச்சம் வீணானதல்ல. 30ஆம் பிரிவு என்னும் வேலி இல்லாமல் இந்தக் கல்லூரிகள் இத்தனை ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நின்றிருக்குமா என்பதும் ஐயமே. ஆனால் அன்று துணைவேந்தரின் ஆளோடு சேர்ந்து வேலிக்கு வெளியே நின்றுபோனவர்கள் யார்? அதே கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்திய ஆசிரியர், அலுவலகத்தில் தலை நரைத்த எழுத்தர், விடுதியில் தங்கிப் படித்த மாணவர். அவர்கள் வெளியார் அல்லர். அரசுக்கு எதிராகப் போட்ட வேலி வீட்டாரையும் மறித்துவிட்டது. நிர்வாகங்கள் தாங்களாகவே கதவைத் திறந்துவைத்திருக்கலாம். எந்தத் தீர்ப்பும் அதைத் தடுக்கவில்லை.

நிறுவியவரின் எண்ணம்தான் இந்த வழக்குகளில் மையம். நிறுவியவர்களைப் பற்றிப் பேசும்போது தென்காசிக்காரனுக்கு அரிகேசரி பராக்கிரம பாண்டியன் நினைவு வராமல் இருக்காது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய அந்த அரசன், பின்னாளில் இதில் குறை வந்தால் சரிசெய்து காப்பவர் எவரோ அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் கல்லில் பாட்டு வெட்டி வைத்தான். அந்தக் கோயிலின் கோபுரம் பின்னால் பாழ்பட்டுக் கிடந்தது. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று ஒன்பது நிலைக் கோபுரமாக மறுபடி எழுப்பி 1990இல் குடமுழுக்கு நடந்தது. கட்டியவனே காக்கப்போகிறவர்களைத் தனக்கு மேலே வைத்த ஊர் இது. கல்லூரியை நாள்தோறும் காப்பவர்கள் வகுப்பெடுப்பவர்களும் பதிவேடு எழுதுபவர்களும்தான்.

திருஅவையின் சொந்த மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்பது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். குழு என்பது யூஜிசியிடமிருந்து இறங்கி வந்த சரக்கு, துறவு சபையின் வழி கீழ்ப்படிதல், இரண்டும் ஒட்டாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வரலாறு அப்படி இல்லை.

1539ஆம் ஆண்டு தவக்காலத்தில், பின்னர் இயேசு சபையை நிறுவிய இனிகோவும் தோழர்களும் ரோமில் கூடினார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரி எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தப் பிரான்சிஸ் சவேரியாரும் அவர்களில் ஒருவர். முத்துக்குளித்துறைக் கரைக்கு அவர் வர இன்னும் மூன்று வருடம் இருந்தது. தங்களில் ஒருவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது கேள்வி. பகலெல்லாம் அவரவர் பணி, இரவில் கூடிப் பேச்சு. அவர்கள் வைத்துக்கொண்ட முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நாள் ஒவ்வொருவரும் கீழ்ப்படிதலுக்கு எதிரான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். மறுநாள் ஆதரவான காரணங்களை மட்டும். ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்று கட்சி பிரிய வழியே இல்லை. ஒவ்வொருவரும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தாக வேண்டும். ஜூன் 24ஆம் நாள் வரை அந்தப் பேச்சு நீண்டது. ஒருமனதாகக் கீழ்ப்படிதல் என்று முடிவாயிற்று. கீழ்ப்படிதலுக்குப் பேர்போன ஒரு சபை, அந்தக் கீழ்ப்படிதலையே குழுவாகப் பேசித்தான் ஏற்றது. சுயநிதிப் பிரிவு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய ஒரு கல்லூரி, இரண்டே இரண்டு நாள் இப்படி உட்கார்ந்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அவர்களின் கல்வி நூலும் அப்படிப் பிறந்ததுதான். இயேசு சபைப் பள்ளிகள், கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1599இல் வெளியான ‘ராட்சியோ ஸ்துதியோரும்’ என்ற படிப்பு நெறிநூலுக்காக, தலைமை அதிபர் அக்குவாவிவா 1584இல் பல நாடுகளிலிருந்து ஆறு பேரைக் குழுவாக அமைத்தார். 1586இல் முதல் வரைவு சபையின் எல்லா மாநிலங்களுக்கும் போனது. வகுப்பெடுக்கும் ஆசிரியர்களின் குறைகளும் திருத்தங்களும் திரும்பி வந்தன. 1591இல் இரண்டாம் வரைவு. அதற்கும் எட்டு வருடம் கழித்துத்தான் இறுதி நூல். பதினைந்து வருடப் பொறுமை அது.

இயேசு சபை இல்லங்களில் அதிபருக்கு ஆலோசகர்கள் உண்டு. முக்கியமான எதையும் அவர் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் வாக்கெடுப்பு இல்லை, முடிவு அதிபருடையது. இந்த ஏற்பாட்டில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த ஆலோசகர்கள் இல்லத்தின் நிலை பற்றி மேலிடத்துக்குத் தனியே கடிதம் எழுதும் கடமை உடையவர்கள். அதிபர் கேட்காமல் விட்டாலும், கேட்டுவிட்டு ஒதுக்கினாலும், அது அவரோடு முடிந்துபோவதில்லை. வாக்கு இல்லாவிட்டாலும் அவர்கள் சொல்லுக்கு ஒரு பாதை இருக்கிறது. கல்லூரியின் துறைத்தலைவர்கள் கூட்டத்துக்கு அப்படி ஒரு பாதை கிடையாது. துறவிகளுக்குத் தங்களுக்குள் கிடைக்கும் பாதுகாப்பு, அதே வளாகத்தில் வேலை பார்க்கும் இல்லறத்தாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

திருச்சபைச் சட்டமும் இதையே பிரித்துப் பேசுகிறது. 1983இல் வந்த சட்டத்தொகுப்பின் 127ஆம் விதி, ஒப்புதல் பெற வேண்டிய காரியம் என்றும் ஆலோசனை கேட்க வேண்டிய காரியம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்புதல் இல்லாமல் செய்தால் செயல் செல்லாது. ஆலோசனை கேட்காமல் செய்தாலும் செல்லாது. கேட்ட ஆலோசனைக்குத் தலைவர் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனாலும், குறிப்பாக எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருந்தால், அதை மீறுவதற்கு மேலோங்கிய காரணம் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். காரணம் வேண்டும் என்றால், அந்தக் காரணத்தைச் சொல்லவும் முடிய வேண்டும்.

தென்காசிப் பகுதி கத்தோலிக்க ஊர்களில் பங்குப் பேரவையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பேரவை ஆலோசனை சொல்லும், பங்குத்தந்தை முடிவெடுப்பார் என்பது 536ஆம் விதி. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே தீர வேண்டும் என்பது அடுத்த விதி. கோயில் சுவருக்கு வெள்ளை அடிப்பது முதல் திருவிழாச் சப்பரம் வரைக்கும் பேரவையில் காரசாரமாகப் பேசும் அதே ஆசிரியர், திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் வாய் மூடிக்கொள்கிறார். அவரிடம் கேட்டால், அங்கே நான் ஊர்க்காரன், இங்கே நான் சம்பளக்காரன் என்பார்.

சேர்ந்து நடக்கும் திருஅவை என்ற பொருளில் போப் பிரான்சிஸ் 2021இல் தொடங்கிய ஆயர் மாமன்றம் 2024 அக்டோபரில் முடிந்தது. அதன் இறுதி ஆவணம், ஆலோசனை மட்டுமே என்று வைத்துக் குழுக்களின் குரலைக் கழித்துவிடும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. மறைமாவட்டம், பங்கு ஆகியவற்றை முன்வைத்துப் பேசிய வார்த்தைகள் அவை. கல்லூரி ஆட்சிக்குழுக்கள் அவற்றைத் தங்களுக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்றே 1990இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ‘எக்ஸ் கோர்தே எக்லேசியே’ ஆயர்களை வெளியாராகப் பார்க்காதீர்கள், பல்கலைக்கழக வாழ்வில் பங்கேற்பவர்களாகப் பாருங்கள் என்றது. ஆயருக்குப் பொருந்தும் இந்த வார்த்தை ஆய்வுக்கூட உதவியாளருக்குப் பொருந்தாதா?

அமெரிக்காவில் வேறு வழி போனார்கள். 1967இல் நோட்ரடாம், செயின்ட் லூயி பல்கலைக்கழகங்கள் ஆட்சிப் பொறுப்பைப் பொதுநிலையினர் பெரும்பான்மையாக உள்ள அறங்காவலர் குழுக்களிடம் ஒப்படைத்தன. அதற்கு முந்தைய ஆண்டே அங்குள்ள பேராசிரியர் சங்கம், பாடம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் ஆசிரியர் சொல்லே முதன்மை என்று அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்த வழியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே குழுவில் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பணக்காரப் பழைய மாணவர்களும் நிறுவனத் தலைவர்களும். துறவியின் இடத்தில் முதலாளி வந்தால் ஆசிரியருக்கு என்ன லாபம்?

தமிழ்நாட்டில் ஆசிரியர்களின் உரிமைக்கு வழி திறந்தது தெருப் போராட்டம். எழுபதுகளில் மூட்டா என்னும் கல்லூரி ஆசிரியர் சங்கமும் பிற சங்கங்களும் நடத்திய போராட்டங்களின் சூழலில்தான் 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கல்லூரிக் குழு என்று ஒன்றை அது வகுத்தது. பொது நிர்வாகம், நியமனம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றை அந்தக் குழுவின் வேலையாக்கியது. ஆள் ஒருவர் நினைத்தால் மறுநாளே வேலையைவிட்டு நிறுத்தலாம் என்றிருந்த காலம் அதோடு போயிற்று. உதவிபெறும் பணியிடங்களில் இருந்தவர்களுக்கு நிம்மதி. அதே வளாகத்தில் மதிய ஷிப்டில் வேலை பார்க்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் கதை வேறு. சம்பளம் நிர்வாகம் கொடுப்பது. ஆட்சிக்குழுவில் பணிமூப்புப் பார்த்து இருவரைச் சேர்க்கும்போது அவர் முறை பெரும்பாலும் வருவதேயில்லை. கல்லூரிக்கு வருமானம் கொண்டுவரும் பகுதியைத் தாங்குகிறவருக்கு, அந்த வருமானத்தைப் பற்றிப் பேசும் மேஜையில் நாற்காலி இல்லை. குழுக்களைப் பற்றி இன்று எழுதுகிற எவரும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான் என்று நம்புகிறேன்.

கத்தோலிக்கரல்லாத நிர்வாகங்களில் மட்டும் நிலைமை வேறா? குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. 1964இல் தொடங்கியது, திருக்குற்றாலநாதர் கோயில் சார்பில், அறநிலையத் துறையின் கீழ் நடப்பது, தன்னாட்சி பெற்றது. சாரல் காலத்தில் அருவிக்குப் போகும் வண்டிகளுக்கு நடுவே குடை பிடித்து நடந்துவரும் பெண்பிள்ளைகள் அந்தக் கல்லூரி வாசலில் திரும்புவதைப் பார்க்கலாம். கோயில் உண்டியலும் நிலமும் ஒரு கல்லூரியாக மாறியிருப்பது பெரிய காரியம். அங்கும் இதே நான்கு குழுக்கள்தான், அங்கும் இறுதிச் சொல் நிர்வாகத்துடையதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. அரசுத் துறை நடத்தும் இடம் என்பதால் ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்று சட்டசபையில்கூடக் கேட்கலாம். துறவு சபையிடம் அப்படிக் கேட்க வழி குறைவு. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் தனியார் கல்லூரிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

குழு இருந்துவிட்டாலே போதும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2020 நவம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017 முதல் இருந்த அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்’ நூல், மாணவர் அமைப்பு ஒன்றின் புகாருக்குப் பிறகு நீக்கப்பட்டது. நீக்கியதும் ஒரு குழுதான். அதன் இடத்தில் வந்தது மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைத் தொகுப்பு. கிருஷ்ணன் அ. மாதவையாவின் மகன், இந்தச் சீமை மண்ணோடு உறவுள்ளவர், படிக்க வேண்டிய எழுத்தாளர். அவர் நூல் பாடமாக வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. வேறு எழுத்தாளர் ஒருவரை வெளியேற்றிய கதவு வழியாக அவர் வந்திருக்க வேண்டாம். மூன்று ஆண்டு நடத்திய ஆசிரியர்களைக் கேட்டு, மாணவர்களைக் கேட்டு, ஆண்டுப் பாடத்திட்டத் திருத்தத்தில் முடிவெடுக்க வேண்டியதைச் சில நாட்களில் முடித்தார்கள். கேட்பதற்காகக் கூட்டும் குழு வேறு, கையெழுத்துக்காகக் கூட்டும் குழு வேறு. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்த இது சிறுபான்மைக் கல்லூரிக்கும் நேரலாம். அங்கே நெருக்கடி வேறு திசையிலிருந்து வரும், அவ்வளவுதான்.

சொல் நிற்கும் குழு ஒன்று இப்போது எல்லாக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கும் உள்ளகப் புகார்க் குழு அது. தலைமை ஒரு மூத்த பெண். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். யூஜிசியின் 2015 விதிமுறைப்படி விஷயம் மாணவரைப் பற்றியது என்றால் மூன்று மாணவர்களும் உட்காருவார்கள், அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். குழு பரிந்துரை கொடுத்தால் நிர்வாகம் குறித்த நாளுக்குள் செயல்பட்டே ஆக வேண்டும். நிர்வாகம் துறவு சபையா தேவஸ்தானமா என்று சட்டம் பார்ப்பதில்லை. 30ஆம் பிரிவைக் காட்டி இதை யாரும் தள்ளிவைக்க முடியாது. இதனால் எந்தக் கல்லூரியின் கத்தோலிக்கத் தன்மையும் குலைந்துவிடவில்லை. ஆசிரியரும் மாணவரும் வெளியாளும் உட்கார்ந்த மேஜையில் கட்டுப்படுத்தும் முடிவு எடுக்கப்பட்டால் நிறுவியவரின் நோக்கம் சிதைந்துபோகும் என்ற பயத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

ஆட்சிக்குழுவில் எத்தனை நாற்காலி என்று கணக்குப் போடுவது முக்கியம்தான். ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் இருவரும், சுயநிதிப் பிரிவிலிருந்து ஒருவரும் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்குச் சட்டம் திருந்தக் காத்திருக்க வேண்டும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டணம், புதுப் பிரிவு, நியமனக் கொள்கை ஆகிய மூன்றிலும் நோட்டீஸுக்கு முன்னால் துறைகளைக் கேட்பது. கேட்டதை ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் அதே குழுவுக்குத் திருப்பித் தருவது. சொன்னது என்ன ஆயிற்று என்று தெரியாமல் போவதில்தான் குழுக்கள் சாகின்றன. நான் பார்த்த மினிட்ஸ் நோட்டுகளில் ‘விவாதிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடியும் பக்கங்கள் எத்தனையோ.

வேறொரு கல்லூரியின் அகத்தர உறுதிக் குழுக் கூட்டத்தில் உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதியாக ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். நாக் தரச்சான்றுக்காக அமைக்கும் குழு அது. மாணவப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. முதல்வர், ஒரு துறவி, போன கூட்டத்தின் குறிப்பை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தாவதோ ஆறாவதோ, ஒரு மாணவியின் கோரிக்கை. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் மாலை ரயிலைப் பிடிக்க முடியாததால், கடைசி மணியில் வைக்கும் ஆய்வுக்கூட வகுப்பை மாற்ற வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். “இதைச் செய்ய முடியவில்லை” என்றார் முதல்வர். நிறுத்தவில்லை, காரணத்தையும் படித்தார். ஆய்வுக்கூட உதவியாளர் இடம் இரண்டு காலியாக இருக்கிறது. காலையில் வைத்தால் இரண்டு துறைக்கும் ஒரே ஆள்தான், ஆசிட் கையாளும் வகுப்பில் அது ஆபத்து. காலியிடத்தை நிரப்ப அனுமதி கேட்டு அனுப்பிய கடிதத்தின் நகலையும் மேஜையில் நகர்த்தி வைத்தார்.

அந்தப் பெண் கடிதத்தை எடுத்து முழுதாகப் படித்தாள். பிறகு, “அப்போ வெள்ளிக்கிழமை மட்டும் மாத்தலாமா ஃபாதர்? அன்னைக்கு இன்னொரு டிப்பார்ட்மென்டுக்கு லேப் கெடையாதே” என்றாள். துறைத்தலைவர்கள் இருவரும் கால அட்டவணையை விரித்துக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள்.